எண்ணெய் தின்னும் பாக்டீரியாவை வளர்த்துக் கடலில் கொட்டினால் போதாதா?

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கிச் சொன்னால் இப்படி வருகிறது: கடலில் எண்ணெயைத் தின்று வாழும் பாக்டீரியா இருப்பதாகப் பாடத்தில் படித்தீர்கள், அவற்றைப் பிரித்தெடுத்துப் பெரிய தொட்டியில் வளர்த்து, எண்ணெய் சிந்திய இடத்தில் கொண்டுபோய் ஊற்றினால் வேலை முடிந்துவிடுமே, ஏன் செய்வதில்லை, பிளாஸ்டிக்குக்கும் ஆலைக் கழிவுக்கும் இதே வழி ஆகாதா, கடைசி வருட புராஜெக்ட்டுக்கு இதை எடுக்கலாமா. நாலு கேள்வி மாதிரி தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றுதான். அழுக்கு அப்படியே கிடப்பதற்குக் காரணம் அங்கே நுண்ணுயிர் இல்லாததுதானா? பெரும்பாலான இடங்களில் அது காரணம் இல்லை. நுண்ணுயிர் அங்கே ஏற்கெனவே இருக்கிறது, அதற்கு வேலை செய்ய வேண்டிய மற்ற சாமான்தான் கிடைப்பதில்லை. நான் கடல் நுண்ணுயிரியல் லேபில் சில வருடம் இருந்துவிட்டு, அதற்குப் பிறகு நீண்ட காலமாக உப்புக் கழிவுநீர் சுத்திகரிப்பில் இருப்பவன். எண்ணெய், உப்புநீர் இரண்டையும் பற்றிக் கைப்பட்ட அனுபவத்தில் சொல்வேன். பிளாஸ்டிக்கைப் பற்றிச் சொல்வது படித்ததை வைத்துத்தான், அதை அந்த அளவிலேயே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு மில்லிலிட்டர் கடல் நீரில், அதாவது சுமார் இருபது சொட்டில், ஏறக்குறைய 10 லட்சம் பாக்டீரியா இருக்கும். அதில் எண்ணெய் தின்கிற கூட்டம் சாதாரண நாளில் தேடினால்தான் அகப்படும் அளவுக்குச் சிறுபான்மை. எண்ணெய் வந்து சேர்ந்த சில நாளிலேயே அதே கூட்டம் அந்த இடத்தில் பெரும்பான்மை ஆகிவிடும். இவற்றில் பேர்போனது அல்கனிவோராக்ஸ் போர்குமென்சிஸ். வட கடலில் போர்கும் தீவுப் பக்கம் கிடைத்தது, 1998-ல் பெயர் வைத்தார்கள். சர்க்கரையைக் கொடுத்தால் ஏறெடுத்தும் பார்க்காது, நேர்ச்சங்கிலி ஆல்கேன், அதாவது எண்ணெயில் இருக்கிற கிளையில்லாத கார்பன் சங்கிலி என்றால் பாய்ந்து வரும். தானே சோப்பு மாதிரி ஒரு பொருளைச் சுரந்து எண்ணெயைத் துளித்துளியாக உடைத்து, அந்தத் துளியின் மேல் போய் ஒட்டிக்கொள்ளும். வளையம் வளையமாக இருக்கிற நச்சு ஹைட்ரோகார்பன்களை (கார்பனும் ஹைட்ரஜனும் மட்டும் சேர்ந்த பொருள்களை)ச் சாப்பிட சைக்ளோகிளாஸ்டிகஸ் என்று ஒரு கூட்டம், உறைகிற குளிருக்கு ஓலியிஸ்பைரா என்று இன்னொன்று. கப்பல் எட்டிப் பார்க்காத இடத்திலும் இவையெல்லாம் இருப்பது எப்படி என்று கேட்கலாம். கடலடிப் பிளவுகளில் எண்ணெய் இயற்கையாகவே கசிந்துகொண்டே இருக்கிறது, ஆண்டுக்குச் சுமார் 6 லட்சம் டன் என்று ஒரு மதிப்பீடு. போதாததற்கு, ப்ரோக்ளோரோகாக்கஸ், சினெகோகாக்கஸ் போன்ற ஒளிச்சேர்க்கை செய்யும் நுண்ணுயிர்களே தங்கள் உடம்புக்குள் ஹைட்ரோகார்பன் தயாரிக்கின்றன. ஆக, மனிதன் எண்ணெய்க் கிணறு தோண்டுவதற்கு எவ்வளவோ காலம் முன்பே இவை இந்தத் தொழிலில் இருந்தவை.

அப்படியானால் ஏன் எண்ணெய் உடனே காணாமல் போவதில்லை? இதற்கு ஒரு காகிதமும் பேனாவும் போதும், கணக்குப் போட்டுப் பாருங்கள். எண்ணெய் என்பது கிட்டத்தட்ட முழுக்க கார்பனும் ஹைட்ரஜனும். ஒரு செல் இரண்டாகப் பிரிய அது மட்டும் போதாது, நைட்ரஜனும் பாஸ்பரஸும் வேண்டும். இந்தத் தொழிலில் வைத்துக்கொள்ளும் கைக்கணக்கு, 100 பங்கு கார்பனுக்கு 10 பங்கு நைட்ரஜன், 1 பங்கு பாஸ்பரஸ். ஒரு டன் கச்சா எண்ணெயில் சுமார் 850 கிலோ கார்பன் இருக்கும், அதற்கு 85 கிலோ நைட்ரஜன் ஆகிறது. திறந்த கடலின் மேல்மட்ட நீரில் பல இடங்களில் லிட்டருக்கு 14 மைக்ரோகிராம் நைட்ரேட் நைட்ரஜன்கூட இருக்காது. இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம், அந்த 85 கிலோவைச் சேர்க்க 60 லட்சம் கன மீட்டர் நீரை ஒட்டத் துடைக்க வேண்டும். ஒரே ஒரு டன்னுக்கு! ஆக்சிஜன் கணக்கும் இதே லட்சணம்தான். ஒரு கிராம் எண்ணெய் முழுதாகக் கரியமில வாயுவாக மாற 3.4 கிராம் ஆக்சிஜன் வேண்டும், வெதுவெதுப்பான கடல் நீரோ லிட்டருக்கு 7 மில்லிகிராமுக்குக் குறைவாகத்தான் பிடித்து வைத்திருக்கும். அப்படியென்றால் ஒரு கிராம் எண்ணெய் 500 லிட்டர் நீரின் ஆக்சிஜனைத் தின்றுவிடும், ஒரு லிட்டர் எண்ணெய் 4 லட்சம் லிட்டருக்கு மேல். எண்ணெயில் ஒரு பங்கு எரியாமல் செல்லின் உடம்பாகிவிடும் என்பதால் நடைமுறையில் இது கொஞ்சம் குறையும். நீர்ப்பரப்பில் காற்றிலிருந்து ஆக்சிஜன் திரும்ப வந்துவிடும், அலை அடித்துக் கலக்கும், அதனால் சமாளிக்கலாம். சேற்றுக்குள், மணலுக்கடியில் இறங்கிய எண்ணெய்க்கு அந்த வழியும் அடைந்துபோகிறது. இப்போது அங்கே நீங்கள் இன்னும் பத்து டேங்கர் பாக்டீரியாவைக் கொண்டுபோய் ஊற்றினால் என்ன ஆகும்? சோறு இருக்கிறது, தட்டு இல்லை என்கிற பந்தியில் இன்னும் நூறு பேரை உட்கார வைத்த கதைதான்.

இது வெறும் காகிதக் கணக்கு இல்லை. 1989 மார்ச் 24 அன்று எக்ஸான் வால்டெஸ் கப்பல் அலாஸ்காவின் பிரின்ஸ் வில்லியம் சவுண்டில் தரைதட்டி 4 கோடி லிட்டருக்கு மேல் கச்சா எண்ணெய் சிந்தியது. அந்தக் கோடையில் கூழாங்கல் கரைகளில் பாக்டீரியா எதையும் தூவாமல் உரத்தை மட்டும் போட்டுப் பார்த்தார்கள், எண்ணெயோடு ஒட்டிக்கொள்ளும்படி செய்த ஒரு திரவ உரம், மெதுவாகக் கரையும் குருணை உரம் என்று இரண்டு வகை. இரண்டு மூன்று வாரத்தில், திரவ உரம் போட்ட பகுதி மட்டும் கறுத்த கரைக்கு நடுவே ஒரு வெளுத்த சதுரமாக, மேலே விமானத்திலிருந்து பார்த்தாலே தெரிந்ததாம். அடுத்த வருடம், லேபில் தேறிய இரண்டு வணிக நுண்ணுயிர்த் தயாரிப்புகளை அங்கேயே கரையில் போட்டுப் பார்த்தபோது, போடாத இடத்துக்கும் போட்ட இடத்துக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. 1994-ல் டெலவேர் விரிகுடாவில், கரையில் கட்டம் கட்டி, புள்ளியியல் முறைப்படி ஒழுங்காகச் செய்த சோதனையிலும் வெளியிலிருந்து கொண்டுவந்து சேர்த்த பாக்டீரியாவால் கூடுதல் பலன் வரவில்லை. அந்தக் கரை நீரில் இயல்பாகவே நைட்ரஜன் தாராளமாக இருந்ததால் உரத்தின் பலனும் அங்கே சுமார்தான். சரி, அலாஸ்காவில் எல்லாம் சுத்தமாகிவிட்டதா என்றால் அதுவும் இல்லை. 2001-ல் போய்த் தோண்டிப் பார்த்தபோது கற்களுக்கடியில் எண்ணெய் இன்னும் ஈரமாகவே இருந்தது. ஆக்சிஜன் எட்டாத இடத்தில் எந்த உரமும் உதவவில்லை.

லேபில் சூப்பராக வேலை செய்யும் கல்ச்சர் கடலில் ஏன் சொதப்புகிறது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஃபிளாஸ்க்குக்குள் அது தனிக்காட்டு ராஜா. வெளியே ஒற்றைச் செல் வேட்டைக்காரர்கள் இருக்கிறார்கள், பாக்டீரியாவையே தாக்கும் வைரஸ் இருக்கிறது, அந்த இடத்துக்கே பழகின உள்ளூர்க் கூட்டம் இருக்கிறது. லேபில் வளமான அகார் என்ற ஊட்டக் கூழில் சொகுசாக வளர்ந்தது அங்கே சில நாளில் அடையாளம் இல்லாமல் போய்விடும். இதைச் சொன்னால் யாராவது ஒருவர் ஆனந்த மோகன் சக்கரவர்த்தியின் சூப்பர் பாக்டீரியாவைப் பற்றிக் கேட்பார். நல்ல கேள்வி. வெவ்வேறு ஹைட்ரோகார்பனை உடைக்கும் பிளாஸ்மிட்களை, அதாவது செல்லுக்குள் தனியாக இருக்கும் சிறு டிஎன்ஏ வளையங்களை, ஒரே சூடோமோனாஸ் பாக்டீரியாவுக்குள் சேர்த்துக் காட்டினார், அதற்குக் காப்புரிமை உண்டா இல்லையா என்ற வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய் 1980-ல் அவர் பக்கம் தீர்ப்பானது. சட்ட வரலாற்றில் அந்தப் பாக்டீரியாவுக்குப் பெரிய இடம் இருக்கிறது, ஆனால் திறந்த கடலில் ஒரு சிந்தலைச் சுத்தம் செய்ய அதை இறக்கியதே இல்லை.

இங்கிருந்து சர்ச்சைக்குரிய பகுதிக்கு வருகிறேன். 2010 ஏப்ரல் 20 அன்று மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் என்ற எண்ணெய்த் துளையிடும் மேடை வெடித்து, சுமார் 1,500 மீட்டர் ஆழத்தில் 87 நாள் எண்ணெய் பீறிட்டது. அதில் ஒரு பகுதி மேலே வராமல் சுமார் 1,100 மீட்டர் ஆழத்தில் மேகம் மாதிரி பரவி நின்றது. குளிர்ந்த, இருட்டான அந்த நீரிலும் ஓஷனோஸ்பைரில்லேல்ஸ் என்ற எண்ணெய் தின்னிக் கூட்டம் தானாகவே பெருகி வேலையை ஆரம்பித்துவிட்டது, யாரும் கொண்டுபோய் விடவில்லை. இதுவரை யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. சண்டை எங்கே என்றால், எண்ணெயைச் சிறு துளிகளாக உடைக்க அப்போது ஊற்றிய சுமார் 70 லட்சம் லிட்டர் இரசாயனம் பாக்டீரியாவுக்கு உதவியதா, இல்லை குறுக்கே நின்றதா என்பதில். துளி சிறிதானால் ஒட்டிக்கொள்ளப் பரப்பு கூடும், அதனால் உதவும் என்பது ஒரு தரப்பு. அந்த இரசாயனத்தையே தின்னத் தெரிந்த வேறு வகைப் பாக்டீரியா பெருகி, எண்ணெய் தின்னிகளை ஓரம்கட்டிவிட்டன என்று லேபில் காட்டியது இன்னொரு தரப்பு. இரண்டு தரப்பும் வெவ்வேறு செறிவில், வெவ்வேறு விதமாகக் கலக்கிச் சோதித்திருக்கிறார்கள், அதனால் முடிவு மாறுவதில் எனக்கு வியப்பில்லை. எனக்கு முதல் தரப்பின் பக்கம் சாய்வு உண்டு, ஆனால் பந்தயம் கட்டுகிற அளவுக்கு இல்லை.

சரி, அப்போது கடல் நுண்ணுயிரால் கழிவு மேலாண்மைக்கு என்னதான் லாபம்? என் அனுபவத்தில் அதன் நிஜமான இடம் தொட்டிக்குள்தான். உப்புக் கழிவுநீர் என்பது பெரிய தலைவலி: மீன் பதப்படுத்துவது, தோல் பதனிடுவது, ஊறுகாய் போடுவது, கப்பலின் அடித்தட்டில் சேரும் எண்ணெய்நீர், எல்லாவற்றிலும் உப்பு. கழிவுநீருக்குள் காற்றை ஊதும் சாதாரண ஏரேஷன் டேங்கில் இருப்பது நன்னீர்க் கூட்டம். லிட்டருக்கு 10 கிராம் அளவுக்கு உப்பு திடீரென்று ஏறினால் செல்லுக்குள் இருக்கும் நீர் வெளியே இழுக்கப்பட்டு அது துவண்டுவிடும். கடல் பாக்டீரியா எக்டோயின், பீட்டைன் போன்ற சின்ன மூலக்கூறுகளைத் தனக்குள் சேர்த்து வைத்து அந்த இழுப்பைச் சமாளிக்கிறது. ஒருமுறை நான் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பிளாண்ட்டில் இரவு ஷிப்ட்டில் யாரோ உப்புத் தொட்டியை மொத்தமாகத் திறந்துவிட்டுவிட்டார்கள். காலையில் போனால் டேங்க் முழுக்க வெள்ளை நுரை. ஒரு லிட்டர் சிலிண்டரில் எடுத்து வைத்தால் அரை மணி நேரத்தில் தெளிவாகப் பிரிந்து அடியில் உட்கார வேண்டிய கசடு, உட்காராமல் கழுநீர் மாதிரி கலங்கியே நின்றது.

அந்தச் சமயம் பார்த்து ஒரு வியாபாரி கடல் நுண்ணுயிர்ப் பவுடர் என்று ஒரு மூட்டையோடு வந்தார், ஒரு வாரத்தில் சரியாகும் என்றார். நான் அதில் பாதியை எடுத்து ஆட்டோகிளேவ் என்ற அழுத்த நீராவிப் பாத்திரத்தில் வைத்துக் கொன்றுவிட்டு, இரண்டு சின்னத் தொட்டியில், ஒன்றில் உயிருள்ள பவுடர், மற்றதில் செத்த பவுடர் என்று போட்டுப் பார்த்தேன். இரண்டும் ஒரே மாதிரி தேறின! பவுடரில் இருந்த தவிடும் தாது உப்பும்தான் வேலையைச் செய்திருக்கிறது. கடைசியில் நாங்கள் செய்தது பழைய வழி. முகத்துவாரச் சேற்றை எடுத்து விதையாகப் போட்டு, உப்பை லிட்டருக்கு 5 கிராம் கூட்டுவது, சிஓடி (அழுக்கை ஆக்சிஜனேற்றம் செய்ய எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்ற அளவு) குறைகிறதா என்று பார்ப்பது, மறுபடி 5 கிராம் கூட்டுவது என்று போனோம். இரண்டரை மாதம் ஆனது. அப்புறம் ஒரு எச்சரிக்கை, புதிதாக வருபவர்கள் எல்லோரும் விழுகிற குழி இது. குளோரைடும் சிஓடி சோதனையில் ஆக்சிஜனேற்றம் ஆகி அழுக்காகவே கணக்கில் வரும். கடல் நீரில் லிட்டருக்கு 19 கிராம் குளோரைடு இருக்கிறது, குளோரைடைக் கட்டிப்போடும் மெர்குரிக் சல்பேட் போதுமான அளவு சேர்க்காமல், நீர்க்கச் செய்யாமல் அளந்தால் சுத்தமான கடல் நீரே பயங்கரக் கழிவு மாதிரி ரீடிங் காட்டும்.

பெரிய அளவில் இதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் ஹாங்காங். அங்கே 1950-களிலிருந்து கழிப்பறைக்குக் கடல் நீரை விடுகிறார்கள், இன்று பெரும்பாலான மக்களுக்கு அதுதான். அதனால் சாக்கடையில் சல்பேட் ஏராளம், கடல் நீரில் லிட்டருக்கு 2.7 கிராம் இருக்கிறதே. வழக்கமாக அதை ஒரு தொல்லையாகத்தான் பார்ப்பார்கள், அழுகிய முட்டை நாற்றமும் குழாய் அரிப்பும் அதனால்தான். அங்குள்ள பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு சேர்ந்து அதையே பிடித்துக்கொண்டார்கள். முதல் தொட்டியில் சல்பேட்டைச் சுவாசிக்கும் பாக்டீரியா கரிமக் கழிவைத் தின்று சல்ஃபைடு விடும், இரண்டாவதில் வேறொரு கூட்டம் அந்த சல்ஃபைடை எரிபொருளாக வைத்து நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கும், மூன்றாவதில் அம்மோனியா நைட்ரேட்டாகி இரண்டாவதுக்கே திரும்பும். சானி முறை என்று பெயர். இந்தக் கூட்டங்கள் எல்லாம் மெதுவாக வளர்பவை, அதனால் கசடு மிகக் குறைவாகவே சேரும். சுத்திகரிப்பு நிலையம் நடத்துகிறவரிடம் கேட்டுப் பாருங்கள், நீரைவிடக் கசடுதான் அவரைத் தூங்கவிடாதது.

உலோகத்தைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. காட்மியத்தையோ ஈயத்தையோ எந்த உயிரும் தின்று தீர்க்காது, ஒட்டவைத்துப் பிடிக்கலாம், சல்ஃபைடாக வீழ்படியச் செய்யலாம், அவ்வளவுதான். பிடித்ததை எங்கே கொண்டுபோய் வைப்பது என்ற கேள்வி அப்படியே நிற்கும். பாதரசத்தை எதிர்க்கும் கடல் பாக்டீரியா அதை ஆவியாகும் வடிவத்துக்கு மாற்றி வெளியே தள்ளுகிறது. செல் பிழைத்துக்கொள்ளும், பாதரசம் காற்றுக்குப் போகும். மூடின ரியாக்டரில் அந்த ஆவியைப் பிடித்தால் தவிர இதைச் சுத்திகரிப்பு என்று நான் சொல்ல மாட்டேன்.

பிளாஸ்டிக்கில்தான் செய்திகள் அதிகம், வேகம் குறைவு. 2016-ல் வந்த இடியோனெல்லா சகாயென்சிஸ் என்ற பாக்டீரியாவை எல்லோரும் கடலோடு சேர்த்துப் பேசுகிறார்கள். அது ஜப்பானில் ஒரு பாட்டில் மறுசுழற்சி இடத்தில் கிடைத்தது, தின்பது பெட் என்ற தண்ணீர் பாட்டில் பிளாஸ்டிக் வகையை மட்டும், அதிலும் மெல்லிய, படிகத்தன்மை குறைந்த படலத்தை ஆறு வாரத்தில். கடலில் மிதப்பதில் பெரும்பங்கு பாலிஎத்திலீனும் பாலிப்ரொபிலீனும், அவற்றின் முதுகெலும்பில் நொதி கைவைக்க ஆக்சிஜன் பிணைப்பே கிடையாது, வெறும் கார்பன் சங்கிலி. வட பசிபிக் குப்பைத் திட்டிலிருந்து எடுத்த பாரெங்கியோடோன்டியம் ஆல்பம் என்ற பூஞ்சை பாலிஎத்திலீனை உடைக்கிறது என்று 2024-ல் காட்டினார்கள். நாளைக்கு 0.05 சதவீதம், அதுவும் புற ஊதாக் கதிர் பட்டு ஏற்கெனவே நைந்த பிளாஸ்டிக்கை மட்டும், லேபில். இருட்டான ஆழத்துக்கு மூழ்கிப்போனதை அது தொடாது என்றுதான் தோன்றுகிறது. பிளாஸ்டிக்கின் மேல் நுண்ணுயிர்கள் குடியேறுவதைப் பார்த்து 2013-ல் அதற்கு பிளாஸ்டிஸ்பியர் என்று பெயரே வைத்தார்கள், ஆனால் ஒரு பலகையில் பாசி பிடித்தால் பாசி பலகையைத் தின்கிறது என்று அர்த்தமில்லை. எடை குறைந்தது என்று மட்டும் சொல்லும் கட்டுரைகளை நான் ஒதுக்கிவிடுவேன், பிளாஸ்டிக்கில் சேர்த்திருக்கும் குழைவுப் பொருள் கரைந்து வந்தாலே எடை குறையும். கார்பனுக்கு அடையாளம் இட்டு அது கரியமில வாயுவாக வெளியே வருவதைக் காட்டினால் நம்பலாம்.

இனி உங்கள் புராஜெக்ட். தாராளமாக எடுங்கள், ஆனால் தலைப்பைச் சின்னதாக்குங்கள். புஷ்னெல் ஹாஸ் என்ற, கார்பன் சேர்க்காத தாது உப்பு ஊடகத்தில் 3 சதவீதம் உப்பு, ஒரு சதவீதம் எண்ணெய், கொஞ்சம் துறைமுகச் சேறு, ஷேக்கரில் வையுங்கள். நாலைந்து நாளில் மேலே கண்ணாடி மாதிரி நின்ற எண்ணெய்ப் படலம் கிழிந்து, பிசிறு பிசிறாகி, கீழே நீர் பால்கலந்த பழுப்பு நிறத்துக்கு வரும். பார்க்க அருமையாக இருக்கும், போட்டோவும் நன்றாக வரும், அதை வைத்து எண்ணெய் சிதைந்துவிட்டது என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், அது துளியாக உடைந்திருக்கிறது, அவ்வளவுதான். லேசான எண்ணெயில் கணிசமான பங்கு ஒரு வாரத்தில் தானாகவே ஆவியாகிப் போய்விடும், எடையை மட்டும் பார்த்தால் அதையும் பாக்டீரியாவின் கணக்கில் எழுதிவிடுவீர்கள். எண்ணெயில் உள்ள பொருள்களைத் தனித்தனியாகப் பிரித்து அளக்கும் கேஸ் குரோமட்டோகிராஃப் கிடைத்தால் 17 கார்பன் கொண்ட நேர்ச்சங்கிலிக்கும் பிரிஸ்டேன் என்ற கிளைச்சங்கிலிக்கும் உள்ள விகிதத்தைப் பாருங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் ஆவியாகும், பாக்டீரியாவோ நேர்ச்சங்கிலியை முதலில் தின்னும், ஆக விகிதம் இறங்கினால் அது உயிரின் வேலை. மாதக்கணக்கில் ஓட்டுவதானால் பிரிஸ்டேனும் மெல்லக் குறையும், அப்போது எண்ணெயில் எளிதில் சிதையாமல் நிற்கும் ஹோப்பேனை வைத்துத்தான் ஒப்பிட வேண்டும்.

ஃபிளாஸ்க் எத்தனை என்று கேட்டால் குறைந்தது நாலு வகை, ஒவ்வொன்றிலும் மூன்று. கல்ச்சர் போட்டது, கொன்ற கல்ச்சர் போட்டது, வெறும் கடல் நீரும் எண்ணெயும், கடல் நீரும் எண்ணெயும் நைட்ரஜன் பாஸ்பரஸும். முதல் மூன்றையும் எல்லோரும் வைப்பார்கள், நாலாவதை விட்டுவிடுவார்கள், ஏனென்றால் அதுதான் பல சமயம் கல்ச்சரின் மானத்தை வாங்கும். நீங்கள் வையுங்கள். உங்கள் கல்ச்சர் அந்த நாலாவதைவிட எவ்வளவு கூடுதலாகச் செய்தது என்பதுதான் உங்கள் ரிசல்ட். ஒன்றும் கூடுதலாக இல்லை என்று வந்தால் அப்படியே எழுதிக் கொடுங்கள், வைவாவில் யாராவது முகம் சுளித்தால் அலாஸ்காவின் அந்த வெளுத்த சதுரத்தைச் சொல்லுங்கள்.